கிளையன்ட் மென்பொருளின் இணைப்புகளை வேறொரு சர்வருக்குத் திருப்புவது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு கிளையன்ட் மென்பொருளில் சர்வரின் பெயர் நிரலுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. அதன் மூலநிரல் கைவசம் இல்லை. பழைய சர்வரை விரைவில் நிறுத்தப் போகிறார்கள். அதே சேவை வேறொரு முகவரியில் இப்போதே இயங்கிக்கொண்டிருக்கிறது. மென்பொருளைத் தொடாமல் அதன் இணைப்புகளைப் புதிய இடத்துக்குத் திருப்ப வேண்டும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் (எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினியிலேயே எழுதிவைக்கும் கோப்பு) ஒரு வரி சேர்த்துப் பார்த்ததில், இணைப்பு புதிய சர்வருக்குப் போனாலும், சர்வர் தன் அடையாளத்துக்குச் சான்றாகக் காட்டும் சான்றிதழ் பொருந்தவில்லை என்று சொல்லி மென்பொருள் விலகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

திருப்ப முடியும், அதற்கு வழிகளும் பல. ஆனால் எந்த வழியாக இருந்தாலும், சர்வரின் பெயரும் அதன் முகவரியும் தனித்தனியானவை என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். திருப்புவது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் முகவரியை மட்டுமே மாற்றுகிறோம். தான் யாரோடு பேசுகிறோம் என்று கிளையன்ட் கொண்டிருக்கும் நம்பிக்கை பழைய பெயரிலேயே நிற்கிறது. அந்தப் பெயருக்குப் புதிய சர்வர் பதில் சொல்லத் தயாராக இருந்தால் எல்லாம் ஓசையின்றி நடந்துவிடும். இல்லாவிட்டால் கேள்வியில் சொல்லப்பட்ட பிழைதான் வரும். ஆகவே ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய வரி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. குறை மறுமுனையில் இருக்கிறது.

ஓர் இணைப்பு உருவாகும்போது நடப்பதை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும். மென்பொருள் முதலில் தன் அமைப்புகளிலிருந்தோ நிரலுக்குள்ளிருந்தோ ஒரு பெயரை எடுக்கிறது. இயங்குதளத்தின் பெயர் தேடும் செயலியிடம் அதைக் கொடுத்து ஐ.பி. முகவரியைப் பெறுகிறது. பின்னர் அந்த முகவரிக்கும் ஒரு போர்ட்டுக்கும் (அந்தக் கணினியில் ஒரு சேவையைக் குறிக்கும் எண்) இணைப்பைத் தொடுக்கும்படி இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலைக் கேட்கிறது. கர்னல் தரவைப் பாக்கெட்டுகள் என்னும் சிறு பொதிகளாக வெளியே அனுப்புகிறது. இணைப்பு கிடைத்ததும் டி.எல்.எஸ். கைகுலுக்கல், அதாவது மறையாக்கிய பேச்சுக்கான தொடக்க உரையாடல், தொடங்குகிறது, அதன் முதல் செய்தியிலேயே, தான் தேடிவந்த சர்வரின் பெயரை கிளையன்ட் வழக்கமாக மறைக்காமல் எழுதி அனுப்புகிறது. அதற்குப் பிறகு எச்.டி.டி.பி. போன்ற நெறிமுறையாக இருந்தால் ஹோஸ்ட் என்ற தலைப்பு வரியில் அதே பெயர் இன்னொரு முறை போகிறது. பெயர் தேடும் படி முடிந்தபின் பாக்கெட்டுகளின் பயணத்துக்குப் பெயர் தேவைப்படுவதில்லை, ஆனால் டி.எல்.எஸ்.ஸிலும் எச்.டி.டி.பி.யிலும் அது திரும்பவும் தலைகாட்டுகிறது. இந்தப் படிகளில் எதில் வேண்டுமானாலும் நாம் குறுக்கிடலாம். எதில் குறுக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் சிக்கல்களும் அமைகின்றன.

எதையும் மாற்றும் முன், மென்பொருள் உண்மையில் எங்கே போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். நிரலுக்குள் பதிந்திருக்கிறது என்று பலர் சொல்வது, தேடிப் பார்த்தால், ஓர் அமைப்புக் கோப்பிலோ விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலோ சூழல் மாறியிலோ கட்டளை வரியின் ஒரு தெரிவிலோ கிடைத்துவிடுவதுண்டு. அப்படிக் கிடைத்தால் கீழே வரும் எதுவும் தேவையில்லை. கிடைக்காவிட்டால், லினக்ஸில் எஸ்ட்ரேஸ் கருவியைக் கொண்டு மென்பொருளை ஓட்டி, அது கர்னலிடம் விடுக்கும் அழைப்புகளில், இணைப்பைக் கோரும் கனெக்ட் அழைப்புகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் முகவரியும் போர்ட்டும் எழுத்தாகவே தெரியும். உதாரணத்துக்கு 192.0.2.10, போர்ட் 8443 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சற்று முன்னால் போர்ட் 53-க்கு, அதாவது பெயருக்கு முகவரி தரும் டி.என்.எஸ். சேவைக்கு, ஒரு தொடர்பு தென்பட்டால், மென்பொருள் பெயரைத் தேடித்தான் அந்த முகவரிக்கு வந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். எஸ்ட்ரேஸில் டி.என்.எஸ். தொடர்பும் இல்லை, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்த தடயமும் இல்லை, பெயர் தேடித் தரும் உள்ளூர்ச் சேவையோடு பேசிய சுவடும் இல்லை என்றால், முகவரியே நிரலுக்குள் இருக்கிறது என்று பொருள். விண்டோஸில் பிராசஸ் மானிட்டரோ வயர்ஷார்க்கோ இதே வேலையைச் செய்யும். இந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாமல் நேரே விதிகளை எழுதப் புகுந்து ஒரு நாளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒரு காலத்தில் நானும் ஒருவன்.

பெயரைத் தேடுகிற மென்பொருளுக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பே எளிய வழி. இது டி.என்.எஸ்.ஸைவிடப் பழையது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பாக ஓரிடத்தில் பராமரிக்கப்பட்டு, மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அது தாங்காத அளவுக்கு வலையமைப்பு வளர்ந்தபோதுதான் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்.ஸை வடிவமைத்தார். அந்தப் பழைய கோப்பின் வாரிசு இன்றும் லினக்ஸிலும் மேக்கிலும் எட்ஸி கோப்புறையிலும், விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ், அதற்குள் எட்ஸி என்ற கோப்புறையிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வரியில் முதலில் முகவரி, இடைவெளி, பிறகு பெயர், அவ்வளவுதான். விண்டோஸில் நோட்பேடில் திறந்து திருத்துபவர்கள் கோப்பின் பெயருக்குப் பின்னால் டெக்ஸ்ட் கோப்புக்கான நீட்சி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒட்டிவிட்டால் கோப்பு அங்கேயே இருக்கும், ஆனால் யாரும் அதைப் படிக்கமாட்டார்கள்.

இந்த வழியின் வரம்புகளை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இதில் போர்ட் எண்ணை எழுத முடியாது. ஒரு டொமைனின் எல்லாத் துணைப் பெயர்களையும் ஒரே வரியில் அடக்கவும் முடியாது. மாற்றம் அந்தக் கணினியில் ஓடும் எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும். டாக்கர் கொள்கலனுக்குள் (மென்பொருளைத் தனிமைப்படுத்தி ஓட்டும் சூழலுக்குள்) ஓடும் மென்பொருளுக்கோ கொள்கலனின் தனி ஹோஸ்ட்ஸ் கோப்புதான் கணக்கு. வெளிக் கணினியில் எழுதியது அதற்குத் தெரியாது. பழைய பெயருக்கு ஐ.பி. பதிப்பு 6 முகவரியும் டி.என்.எஸ்.ஸில் இருந்து, நீங்கள் பதிப்பு 4-க்கான வரியை மட்டும் எழுதியிருந்தால், இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பெறும் சில கிளையன்ட்கள் பதிப்பு 6 வழியாகப் பழைய சர்வருக்கே போய்விடும். எனவே இரு வகைக்கும் வரி எழுதுங்கள். புதிய சர்வருக்குப் பதிப்பு 6 முகவரி இல்லாவிட்டால், பழைய பெயருக்கான அந்தப் பதிவை டி.என்.எஸ்.ஸிலிருந்தே எடுத்துவிடுவது தெளிவான வழி.

சோதிக்கும்போது ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. என்எஸ்லுக்கப், டிக் ஆகிய கருவிகள் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே இல்லை, அவை டி.என்.எஸ். சர்வரிடம் நேரடியாகக் கேட்கின்றன. ஹோஸ்ட்ஸ் கோப்பில் சரியாக எழுதிவிட்டு, என்எஸ்லுக்கப் பழைய முகவரியையே காட்டுகிறதே என்று குழம்புவது வழக்கமாக நடக்கிற ஒன்று. லினக்ஸில் கெட்என்ட் கட்டளையைக் கொண்டு கேட்டால் மென்பொருளுக்குக் கிடைக்கும் அதே பதில் கிடைக்கும். விண்டோஸில் பிங் கட்டளை காட்டும் முகவரியைப் பார்த்தால் போதும். இதற்கு நேர்மாறாக, சில மென்பொருள்களும் கருவிகளும் இயங்குதளத்தைக் கேட்காமல், தங்களுக்குள் பதிந்த ஒரு பொது டி.என்.எஸ். சர்வரிடம் தாங்களே கேட்டுக்கொள்ளும். அவற்றிடம் ஹோஸ்ட்ஸ் கோப்பு செல்லாது.

நிறையக் கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துவது சரிப்படாது. உள் டி.என்.எஸ். சர்வரில் அந்தப் பெயருக்கு மட்டும் வேறு பதில் தருமாறு அமைக்கலாம். டொமைன் உங்களுடையதே என்றால் பொது டி.என்.எஸ்.ஸிலேயே பதிவை மாற்றிவிடலாம். மாற்றத்துக்குச் சில நாள் முன்பே பதிவின் ஆயுட்காலத்தை, அதாவது டி.டி.எல். மதிப்பை, 300 நொடி போன்ற சிறிய அளவுக்குக் குறைத்துவைப்பது பழகிய நடைமுறை. ஆனால் டி.டி.எல். எவ்வளவு சிறியதாக இருந்தாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை அது அறுக்காது. இணைப்புகளைக் குளத்தில் தேக்கிவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மென்பொருள், மறுதொடக்கம் செய்யும் வரை பழைய சர்வரோடு வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும். ஜாவாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு: பாதுகாப்பு மேலாளரோடு ஓடும் பழைய ஜாவா மென்பொருள், ஒருமுறை தேடிய பெயரின் முகவரியை நிறுத்தப்படும் வரை மறக்காமல் வைத்திருக்கும், அது இல்லாதபோது வழக்கமான காலம் 30 நொடி.

இனி சான்றிதழ் பிழைக்கு வருவோம். கேள்வியின் கரு அதுதான். டி.எல்.எஸ். கிளையன்ட், சர்வர் தரும் சான்றிதழில் இருக்கும் பெயரைத் தான் தேடிவந்த பெயரோடு ஒப்பிடுகிறது. தான் போய்ச் சேர்ந்த முகவரியோடு அல்ல. முகவரியை யாராவது இடையில் மாற்றிவிட்டாலும் ஏமாறாமல் இருப்பதற்காகவே இந்தச் சோதனை வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது அந்த யாராவது நீங்களே என்பதால் அது உங்களையும் தடுக்கிறது. பாதுகாப்பு முறை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சான்று. எரிச்சலோடு அதை அணைத்துவிடத் தோன்றும், அணைக்காதீர்கள். சான்றிதழ் சோதனையை நிறுத்தும் ஒரு தெரிவு மென்பொருளில் இருந்தால்கூட, அதை நிறுத்திய பின் யார் வேண்டுமானாலும் நடுவில் நின்று கடவுச்சொற்களைப் படிக்கலாம்; தற்காலிகமாக என்று சொல்லி நிறுத்தியது நிரந்தரமாகிவிடும் என்பதைப் பெரும்பாலான அலுவலகங்கள் அனுபவத்தில் அறியும்.

சரியான தீர்வு, புதிய சர்வரில் பழைய பெயருக்கான சான்றிதழை நிறுவுவது. பழைய டொமைன் உங்கள் கையில் இருந்தால் இது எளிது. லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற சான்றளிப்பு அமைப்புகள், டொமைனின் டி.என்.எஸ்.ஸில் ஒரு குறிப்பிட்ட டெக்ஸ்ட் பதிவை வைக்கச் சொல்லி உரிமையைச் சோதிக்கும் முறையை ஆதரிக்கின்றன. அதனால் பெயர் இன்னும் பழைய சர்வரையே சுட்டிக்கொண்டிருக்கும்போதே, புதிய சர்வருக்கான சான்றிதழை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்ளலாம். ஒரே சான்றிதழில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் சேர்க்கவும் முடியும். பெயர்கள் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சான்றிதழின் பொதுப்பெயர்ப் புலத்தில் மட்டும் எழுதியிருப்பதைக் குரோம் 2017 முதல் ஏற்பதில்லை, மற்ற பலவும் அதே வழியில் வந்துவிட்டன. கூடவே, சர்வர் மென்பொருள் அந்தப் பெயரைத் தனக்குரியதாக அடையாளம் காணும்படி அமைக்க வேண்டும். டி.எல்.எஸ். முதல் செய்தியில் வரும் பெயரைப் பார்த்துத்தான் என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்கள் எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று முடிவு செய்கின்றன. பழைய பெயர் அமைப்பில் இல்லையென்றால், சான்றிதழ் வட்டில் இருந்தும் முன்னிருப்பாக உள்ள வேறொன்றைக் காட்டிவிடும்.

டொமைன் உங்களுடையது அல்ல, ஆனால் கிளையன்ட் கணினிகள் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன என்றால், சொந்தமாக ஒரு சான்றளிப்பு மையத்தை உருவாக்கி, அதன் மூலச் சான்றிதழைக் கிளையன்ட் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து, அதன் கையெழுத்தோடு பழைய பெயருக்குச் சான்றிதழ் வழங்கலாம். நம்பிக்கைப் பட்டியல் ஒன்றல்ல என்பதுதான் இதில் தொல்லை. இயங்குதளத்துக்கு ஒன்று, ஜாவாவுக்குத் தனியாக ஒன்று, ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனியாக ஒன்று, பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி தன்னோடு கொண்டுவருவது இன்னொன்று, நோட்.ஜே.எஸ். தனக்குள் பொதிந்து வைத்திருப்பது மற்றொன்று. ஆண்ட்ராய்டில் 2016-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து, பயனர் தாமாகச் சேர்த்த மூலச் சான்றிதழ்களைச் செயலிகள் முன்னிருப்பாக நம்புவதில்லை. இதையும் தாண்டி, ஒரு குறிப்பிட்ட சாவியை மட்டுமே ஏற்பேன் என்று நிரலுக்குள் பொருத்திவைத்திருக்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றுக்குப் பழைய சர்வரின் தனிச்சாவியையே புதிய சர்வருக்குக் கொண்டுபோனால் ஒழிய நேர்வழி கிடையாது. இந்தப் பத்தி முழுவதும் உங்கள் கணினிகளுக்கும் உங்கள் சேவைக்கும் மட்டும் பொருந்தும். பிறர் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் கைவைப்பது வேறு வகையான செயல்.

போர்ட்டும் மாறுகிறது என்றால் நடுவில் ஓர் இடைமாற்றி தேவை. பழைய பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 என்று எழுதிவிட்டு, அதே கணினியில் 8443-இல் காது கொடுத்துக் கேட்கும் சோகாட் அல்லது எச்.ஏ.பிராக்ஸியை ஓட்டி, வருவதையெல்லாம் 198.51.100.7-இன் 9443-க்கு அனுப்பச் சொன்னால் போதும். இடைமாற்றி பைட்டுகளை அப்படியே கடத்துவதால் டி.எல்.எஸ். குலையாது, கிளையன்ட்டும் புதிய சர்வரும் தங்களுக்குள் நேராகவே கைகுலுக்கிக்கொள்ளும். இடைமாற்றியின் அமைப்பில் செல்லிடத்தைப் பழைய பெயரால் குறிப்பிட்டுவிட்டால், அதுவும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்து இதே கணினிக்கே திரும்பி வரும்; போர்ட்டும் ஒன்றாகவே இருந்தால் தன்னிடமே சுழன்று, சில நொடிகளில் கோப்பு விவரிப்பிகள் (திறந்த இணைப்புகளுக்குக் கர்னல் தரும் எண்கள்) தீர்ந்து மூச்சுத்திணறும். முகவரியாகவோ புதிய பெயராகவோ எழுதுங்கள். விண்டோஸில் இதற்கெனத் தனி மென்பொருள்கூட வேண்டாம். நெட்ஷ் கட்டளையின் போர்ட்பிராக்ஸி பகுதி இதைச் செய்யும். ஆனால் அது டி.சி.பி. என்ற இணைப்பு நெறிமுறைக்கு மட்டுமே; ஐ.பி. ஹெல்ப்பர் சேவை ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும்.

முகவரியே நிரலுக்குள் பதிந்திருந்தால் பெயரில் குறுக்கிட வழியில்லை. கர்னலுக்கு இறங்க வேண்டும். லினக்ஸில் பாக்கெட்டுகளுக்கு விதி எழுத உதவும் ஐ.பி.டேபிள்ஸ் அல்லது என்.எஃப்.டேபிள்ஸின் நாட் (முகவரி மாற்றும்) அட்டவணையில், செல்லிடம் 192.0.2.10, போர்ட் 8443 என்றிருக்கும் டி.சி.பி. இணைப்புகளின் செல்லிடத்தை 198.51.100.7, போர்ட் 9443 என்று மாற்றும் விதியை எழுதலாம். எந்தச் சங்கிலியில், அதாவது எந்த விதி வரிசையில், எழுதுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அதே கணினியில் பிறக்கும் இணைப்புகள் அவுட்புட் சங்கிலி வழியாகப் போகின்றன. வேறு கணினிகளிலிருந்து வந்து இதைக் கடந்துசெல்பவை பிரீரவுட்டிங் சங்கிலியில் பிடிபடுகின்றன. இடம் மாற்றி எழுதிய விதி பிழை எதுவும் காட்டாமல், எதையும் செய்யாமல் கிடக்கும். ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் இருக்கும் பாக்கெட் எண்ணிக்கை சுழியிலேயே நிற்கிறதா என்று பார்த்தால் இது உடனே வெளிப்படும். இணைப்பின் முதல் பாக்கெட் மட்டுமே நாட் அட்டவணையைக் கலந்தாலோசிக்கிறது; பிறகு வருபவை இணைப்புத் தடக் குறிப்பின்படி நடக்கின்றன. எனவே விதி எழுதும்போதே திறந்திருந்த இணைப்புகள் பழைய வழியிலேயே தொடரும்.

இந்த நிலையில் திருப்பியபின் சோதிக்கும்போது, திறந்த இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்.எஸ். கட்டளை மறுமுனையைப் பழைய 192.0.2.10 என்றே காட்டும், ஏனெனில் சாக்கெட் அளவில் மென்பொருள் அங்கேதான் இணைந்திருப்பதாக நினைக்கிறது. டி.சி.பி.டம்ப் வைத்துக் கம்பியில் போகும் பாக்கெட்டைப் பார்த்தால் 198.51.100.7 தெரியும். இரண்டும் உண்மையே. உள்ளூர் இடைமாற்றிக்குத் திருப்புகிறீர்கள் என்றால், இடைமாற்றி தானே பழைய முகவரிக்குத் தொடுக்கும் இணைப்பும் அதே விதியில் சிக்கிச் சுழலும் ஆபத்து இங்கும் உண்டு; அதைத் தனிப் பயனர் கணக்கில் ஓட்டி, அந்தப் பயனரின் இணைப்புகளுக்கு விதி பொருந்தாது என்று விலக்கு எழுதுவதே வழக்கம். எச்.டி.டி.பி.யின் 3-ஆம் பதிப்பு யு.டி.பி. என்ற வேறு நெறிமுறையின் மேல் ஓடுகிறது, டி.சி.பி.க்கு மட்டும் எழுதிய விதி அதைக் கண்டுகொள்ளாது.

ஒரே ஒரு மென்பொருளை மட்டும் திருப்பி, கணினியின் மற்றவற்றைத் தொடாமல் விட வேண்டும் என்றால், கனெக்ட் அழைப்பையே இடைமறிக்கலாம். லினக்ஸில் எல்.டி. பிரீலோட் என்ற சூழல் மாறியில் ஒரு சிறு லைப்ரரியைக் குறிப்பிட்டால், மென்பொருள் கூப்பிடும் கனெக்ட் செயற்கூறு முதலில் நம்முடையதாக இருக்கும். அதில் முகவரியைப் பார்த்து மாற்றிவிட்டு, உண்மையான செயற்கூற்றிடம் வேலையை ஒப்படைக்கலாம். பிராக்ஸிசெயின்ஸ் கருவி இந்த உத்தியில்தான் இயங்குகிறது. ஐம்பது வரிக்குள் எழுதிவிடக்கூடிய அழகான உத்தி இது, ஆனால் நிலையாகப் பிணைக்கப்பட்ட (லைப்ரரிகளைத் தனக்குள்ளேயே கொண்ட) மென்பொருளில் எடுபடாது. கோ மொழியில் எழுதப்பட்டவை வழக்கமாக சி லைப்ரரியைத் தாண்டிக் கர்னலை நேரடியாக அழைப்பதால் அவற்றிலும் எடுபடாது. அவற்றுக்கு, ஒரு குழுவுக்குள் ஓடும் செயல்முறைகளின் கனெக்ட் அழைப்பைக் கர்னலுக்குள்ளேயே மாற்ற உதவும் ஈ.பி.பி.எஃப். (கர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி) கொக்கி 2018-இல் வந்த லினக்ஸ் 4.17 முதல் இருக்கிறது. விண்டோஸில் வடிகட்டும் தளத்தின் இணைப்புத் திருப்பல் அடுக்கு இதற்கு இணையானது, ஆனால் அதற்கு டிரைவர் எழுத வேண்டும். ஒரு பழைய மென்பொருளுக்காக அவ்வளவு தூரம் போக நான் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருளில் ப்ராக்ஸி (இடைச் சர்வர்) அமைப்பு ஏதாவது இருந்தால் அது இவை எல்லாவற்றையும்விட மேல். சாக்ஸ் 5 ப்ராக்ஸியிடம் கிளையன்ட் முகவரிக்குப் பதிலாகப் பெயரையே அனுப்ப முடியும் என்பதால், எங்கே இணைப்பது என்ற முடிவை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் சரியாகச் செய்தபின்னும் சில மென்பொருள்கள் பாதி வழியில் பழைய சர்வருக்குத் திரும்பி ஓடும். ஒருமுறை ஓர் அலுவலகத்துக்காக இப்படி ஒரு மாற்றத்தைச் செய்தேன். உள்நுழைவு புதிய சர்வரில் நடந்தது. பயனர்கள் வேலையைத் தொடங்கினார்கள். ஆனால் அறிக்கைகளில் மட்டும் முந்தைய நாளின் எண்களே வந்துகொண்டிருந்தன. பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தபோது, உள்நுழைவுக்கு விடையாக வந்த தரவுக்குள் அறிக்கைச் சேவைக்கான முகவரி எழுத்தாகவே கிடந்தது; கிளையன்ட் அதை நம்பிப் பழைய இடத்துக்கு இரண்டாவது இணைப்பைத் தொடுத்திருந்தது. தவறு கிளையன்ட்டில் இல்லை. புதிய சர்வரின் அமைப்பைப் பழையதிலிருந்து பிரதி எடுத்தபோது அந்த ஒரு வரி அப்படியே வந்துவிட்டது.

நெறிமுறையின் இயல்பாகவே இப்படி முகவரியைக் கையளிப்பவை நிறைய உண்டு. கோப்புகளை அனுப்பும் நெறிமுறையான எஃப்.டி.பி.யின் பேசிவ் முறையில், 227 என்று தொடங்கும் பதிலில் சர்வர் ஆறு எண்களைத் தருகிறது. முதல் நான்கும் ஐ.பி. முகவரி, கடைசி இரண்டும் போர்ட். கட்டுப்பாட்டு இணைப்பை நீங்கள் திருப்பினாலும், தரவு இணைப்பு அந்த ஆறு எண்கள் காட்டும் இடத்துக்கே போகும். செய்திப் பரிமாற்ற அமைப்பான காஃப்காவின் கிளையன்ட், தொடக்க முகவரியில் இணைந்து புரோக்கர்களின் (அதன் சர்வர்களின்) பட்டியலைக் கேட்டுவாங்கி, பிறகு பட்டியலில் உள்ள முகவரிகளுக்கே போகிறது. அந்தப் பட்டியல், புரோக்கரின் அமைப்பில் விளம்பர முகவரி என்று எழுதப்பட்டதிலிருந்து வருகிறது. மாங்கோ டி.பி. தரவுத்தளத்தின் பிரதிக் குழுவும் அப்படியே. ரெடிஸ் தரவுத்தளத்தின் கிளஸ்டரில் 16384 கட்டங்கள் கணுக்களுக்குள் (அதில் சேர்ந்த சர்வர்களுக்குள்) பங்கிடப்பட்டிருக்கும். தவறான கணுவிடம் கேட்டால், மூவ்டு என்ற சொல்லோடு கட்ட எண்ணையும் சரியான கணுவின் முகவரியையும் பிழையாகத் திருப்பி அனுப்பும், கிளையன்ட் அங்கே போக வேண்டும். இவற்றையெல்லாம் கிளையன்ட் பக்கத்தில் ஏமாற்றப் பார்ப்பது வீண் வேலை. சர்வர் தன்னை எந்த முகவரியால் அறிவித்துக்கொள்கிறதோ அதைத் திருத்துங்கள்.

பழைய சர்வரையே வழிகாட்டப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். எச்.டி.டி.பி. என்றால் ஆகும், ஆனால் நிலைக் குறியீட்டை, அதாவது பதிலோடு சர்வர் தரும் எண்ணை, பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 301, 302 ஆகியவற்றைப் பெறும் பல கிளையன்ட்கள் தரவை அனுப்பும் போஸ்ட் வேண்டுகோளை, தரவைக் கேட்கும் கெட் ஆக மாற்றி, அனுப்ப வந்த தரவைக் கைவிட்டுவிடுகின்றன. 307, 308 இரண்டும் முறையை மாற்றாமல் அப்படியே திரும்ப அனுப்பச் சொல்கின்றன. முன்னது தற்காலிகம், பின்னது நிரந்தரம். ஹோஸ்ட் பெயர் மாறினால் அங்கீகாரத் தலைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கட்டளை வரிக் கருவியான கர்ல் போன்ற கவனமான கிளையன்ட்கள் புதிய இடத்துக்குப் போகும். ஆகவே புதிய சர்வரில் 401 (அங்கீகாரம் இல்லை) வந்தால் வியக்க வேண்டாம். பழைய, கையால் எழுதப்பட்ட எச்.டி.டி.பி. நிரல்கள் பல, 200 அல்லாத எதையும் பிழையென்றே எடுத்துக்கொள்ளும். கேள்வியில் உள்ள மென்பொருளின் வயதைப் பார்த்தால் நான் இந்த வழியை நம்பி இறங்கமாட்டேன்.

புதிதாகக் கிளையன்ட் எழுதுபவர்களுக்கு ஒரு குறுக்குப் பேச்சு. இணைய வேண்டிய முகவரி வேறு, சரிபார்க்க வேண்டிய பெயர் வேறு என்று இரண்டு தனி அமைப்புகளைக் கொடுங்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். கிளையன்ட் இதை ஒழுங்காகச் செய்திருக்கிறது: அதன் அமைப்புக் கோப்பில் பயனர் தட்டும் செல்லப்பெயர், உண்மையில் இணைய வேண்டிய ஹோஸ்ட்நேம், சாவியை எந்தப் பெயரில் தேடுவது என்ற மாற்றுப்பெயர் மூன்றையும் தனித்தனியே எழுதலாம். கர்லில் கனெக்ட்-டு என்ற தெரிவு, பெயரையும் போர்ட்டையும் ஒரு பக்கமும் போக வேண்டிய இடத்தை மறுபக்கமும் வாங்கிக்கொள்கிறது, டி.எல்.எஸ்.ஸிலும் ஹோஸ்ட் தலைப்பிலும் பழைய பெயரே போகும். எந்தக் கோப்பையும் திருத்தாமல் புதிய சர்வரைச் சோதிக்க இதைவிட வசதியான கருவியை நான் கண்டதில்லை.

ஆகவே கேள்வியாளர் செய்ய வேண்டியது, முதலில் அந்தக் கர்ல் தெரிவைக் கொண்டு பழைய பெயரோடு புதிய முகவரிக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பி, வரும் சான்றிதழில் பழைய பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. இராது என்பது பிழையிலிருந்தே தெரிகிறது, டி.என்.எஸ். சோதனை முறையில் இரு பெயர்களும் கொண்ட சான்றிதழைப் பெற்றுப் புதிய சர்வரில் நிறுவி, அந்தப் பெயரை ஏற்கும்படி அமைத்து, கர்ல் அமைதியாகும் வரை திருத்துங்கள். பிறகு ஒரே ஒரு கணினியில் ஹோஸ்ட்ஸ் வரியோடு மென்பொருளை முழுமையாக ஒரு நாள் ஓட்டி, அந்த நாளின் எல்லாக் கனெக்ட் அழைப்புகளையும் பதிந்து, பழைய முகவரி எங்காவது தலைகாட்டுகிறதா என்று தேடுங்கள். தலைகாட்டவில்லை என்றால் டி.என்.எஸ்.ஸை மாற்றி, கிளையன்ட்களை மறுதொடக்கம் செய்யச் சொல்லி, ஹோஸ்ட்ஸ் வரியை நீக்கிவிடுங்கள். மறந்துவிட்ட ஹோஸ்ட்ஸ் வரி, அடுத்த முறை சர்வர் மாறும்போது அந்த ஒரு கணினியை மட்டும் பழைய இடத்திலேயே நிறுத்திவைக்கும். பழைய சர்வரை உடனே அணைக்காமல், சேவையை மட்டும் நிறுத்தி, 8443-இல் வந்து தட்டும் முகவரிகளைப் பதிவுசெய்யும் ஒரு சிறு நிரலை மட்டும் சில வாரங்கள் ஓடவிடுங்கள். அந்தப் பதிவில் மாதக் கடைசியில் மட்டும் விழித்தெழும் ஏதோ ஒரு கணினியின் முகவரி கட்டாயம் ஒன்றிரண்டு இருக்கும்.